இருபது நிமிடச் சமாதானம்

கம்யூனிச ஆட்சி விழுந்த நாடுகளில் சனங்கள் ஏன், எப்படி மோதிக்கொள்கிறார்கள் என்று படிப்பிக்கும் கோடைப் பள்ளி பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் பத்து நாள் நடந்தது. முதல் ஒன்பது நாளில் கிரிசாந் வாய்திறந்து சொன்னவை இரண்டே இரண்டு. ஒன்று, ஸொறி. மற்றது, இந்தக் கதிரையில் ஆராவது இருக்கிறார்களா. அதற்கு ஓம் என்று பதில் வந்ததால் அவன் கடைசி வரிசைக்குப் போய்விட்டான்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் ஒருமுறையாவது சபையில் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மூன்று புள்ளிகள். அந்த மூன்றும் இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் பட்டம் இல்லை. பட்டம் வருகிறதென்று அவன் அம்மா, தாங்கள் போகும் கிளறா சீசா தேவாலயத்தில் பாதிப்பேருக்கு ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

அவன் முயலாமல் இல்லை. போலந்துத் தொழிற்சங்கங்கள் பற்றி ஒரு கேள்வியை மூன்று நாள் செதுக்கினான். முன்வரிசையில் ஒருத்தி அதையே அவனைவிட அழகாகக் கேட்டுவிட்டாள். உள்ளூர நிம்மதி. ஏழாம் நாள் கை பாதி உயர்ந்தது. பேராசிரியை எமிலியானா ஆவலோடு திரும்ப, அந்தக் கையால் தலையைச் சொறிந்து சமாளித்தான்.

கடைசி நாள் காலை, சிஞ்ஞோரா என்று அழைக்கும் இத்தாலிய முதலாளியம்மா வீட்டு வேலைக்குப் புறப்பட்ட அம்மா வாசலில் நின்று கேட்டார்.

“நேற்றாவது வாய் திறந்தனியோ?”

“ஓம். கொட்டாவி விட்டனான்.”

“குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில அந்தப் பொலிஸ்காரனோட என்ன மாதிரிக் கதைச்சனி. அப்ப உனக்குப் பதினொரு வயசு.”

“அது கோபாலசிங்கம் மாமா கதைச்சது அம்மா. நான் மாத்திச் சொன்னனான், அவ்வளவுதான்.”

உண்மைதான். வதிவிட அனுமதி எடுக்கப்போகும் அயலவர்களுக்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளன். “இந்தாளுக்கு மண்டை இருக்கா?” என்று அதிகாரி இத்தாலியனில் கத்துவார். “இன்னொரு படிவம் வேணுமாம் மாமா” என்பான் கிரிசாந். “இவனுக்கு நாங்கள் மனுசராத் தெரியேல்லையோ?” என்று மாமா குமுறுவார். “உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்” என்று அது இத்தாலியனில் போகும். இப்படிப் பதினொரு பேருக்கு அனுமதி கிடைத்தது.

அன்று பள்ளியில் நாடகப் பயிற்சி. நடுவே ஓடும் ஆறு இரண்டாகப் பிரித்த ஒரு கற்பனை நகரம். போர் முடிந்து ஐந்து வருடம். இரு கரைக்கும் பொதுவான பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருப்பது என்று பேசித் தீர்க்கவேண்டும். வடகரை மேயர் ஒரு ஜோர்ஜியப் பெடியன். தென்கரை மேயர் ஒரு மொல்டோவாப் பெட்டை. கிரிசாந் சர்வதேசப் பார்வையாளர் பாத்திரத்தைப் பாய்ந்து எடுத்தான். பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பது அவன் கணக்கு.

பத்து நிமிடத்தில் மேயர்கள் எழுந்து நின்றார்கள்.

“உங்கள் ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்தை எரிக்கத்தான் தெரியும்,” என்றாள் அவள்.

“நீங்கள் அதில் ஒரு எழுத்தாவது படித்திருந்தால் எரித்திருக்கமாட்டோம்,” என்றான் அவன்.

எமிலியானா திரும்பினார். “பார்வையாளரே, இங்கே என்ன நடக்கிறது?”

கிரிசாந் எழுந்தான். யோசிக்க முதலே பழைய பழக்கம் வாயைத் திறந்தது.

“தென்கரை மேயர் கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார். வடகரை மேயர் எல்லாப் பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்கிறார்.”

அறையில் சிரிப்பு. “நான் எங்கே அப்படிச் சொன்னேன்?” என்றாள் அவள். “சொல்லாவிட்டாலும் எனக்குச் சம்மதம்,” என்றான் ஜோர்ஜியன். அதன்பிறகு இருவரும் அவனைப் பார்த்தே ஏசினார்கள். ஒவ்வொரு ஏச்சையும் அவன் கழுவித் துடைத்து மற்றவரிடம் கொடுத்தான். இருபது நிமிடத்தில் இரண்டு மொழிப் பலகைக்குக் கையெழுத்தாயிற்று. கைதட்டினார்கள். ஏதோ பெரிய தூதுவர் மாதிரி கிரிசாந் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தான்.

எமிலியானா பெயர்ப்பட்டியலைப் பார்த்தார். “நன்றாகப் பேசினீர்கள். ஆனால் எல்லாம் அவர்கள் கருத்து. உங்களுடையது எங்கே?”

அவன் பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. பேனை காத்திருந்தது. இரவல் வாங்க யாருடைய வாயும் அருகில் இல்லை.

“இந்த ஒப்பந்தம் தாங்காது,” என்றான் கிரிசாந். “அவர்கள் சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று. அவர்கள் கையெழுத்துப் போட்டது என்னுடைய பொய்க்கு.”

“அப்போ கடைசியாக இந்த வடகரை மேயர் என்னைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார்?” என்று மொல்டோவாப் பெட்டை கேட்டாள். ஜோர்ஜியன் அதைச் சொன்ன நேரம் அவள் யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தவள், காதில் விழவில்லை.

கிரிசாந் சொன்னான். ஒரு சொல் குறைக்காமல்.

ஒப்பந்தம் இரண்டாகக் கிழிந்தது. மேயர்கள் மறுபடி எழுந்தார்கள். இந்தமுறை கரைக்கு ஐந்தாறு பேராக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் எமிலியானா அமைதியாகக் கட்டத்தில் சரி போட்டார்.

வியா மக்வேதாத் தெருவில் நடக்கும்போது அம்மா அழைத்தார்.

“கதைச்சனியோ?”

“ஓம்.”

“என்ன கதைச்சனி?”

“சமாதானமா இருந்த ரெண்டு ஊரை மூட்டிவிட்டனான்.”

“சேர்ட்டிபிக்கற் தந்தவையோ?”

“தந்தவை.”

“பிறகென்ன. மடங்காமல் கொண்டு வா.”