ஓணானுக்குப் பயப்படும் ரேலீன் அத்தை

கையில் தேநீர்க் கோப்பையோடு ரேலீன் அத்தை கூண்டருகே போவார். உள்ளே மரத்தண்டில் ஒட்டிக்கிடக்கும் ஓணான் வாயை ஒரு விரற்கடை திறந்தால் போதும். கோப்பையைப் புல்லில் போட்டுவிட்டு, "ஐயையோ, கடிக்க வருது, கடிக்க வருது" என்று சமையலறைக் கதவுவரை ஒரே ஓட்டம். கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். ஓணான் வாயை மூடியதும் வெளியே வந்து, கோப்பையைப் பொறுக்கிக் கழுவி, மறுபடி தேநீர் ஊற்றிக்கொண்டு கூண்டருகே போவார். பக்கத்து மாந்தோப்பு என்னுடையது. காய் பறிக்கிற சாக்கில் வேலியோரம் நின்று இந்தக் கூத்தைத் தினமும் பார்க்கிறேன்.

ரேலீன் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. கனத்த உடம்பு, சரியாக மடங்காத இடது முழங்கால். டேலி ஆற்றங்கரைக்காரர். டார்வின் நகரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கம் குடிவந்து பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பேருந்தில் ஏறுகிற பிள்ளைகளுக்கும் அத்தை, அந்தப் பிள்ளைகளின் அப்பன்மாருக்கும் அத்தை. போன வருஷம் பேருந்து இருக்கைக்கு அடியில் ஆளுயரப் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, துடைப்பத்தால் அதை மெல்ல வழிநடத்திப் படியிறக்கினார். "பிள்ளைங்க உட்கார்ற இடம்ப்பா இது. ஊர்ல உனக்கு வேற இடமா இல்ல?" என்று அதட்டல் வேறு. அப்பேர்ப்பட்ட மனுஷி ஓணானைக் கண்டு அலறி ஓடினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

எங்கள் ஊர்க் குடை ஓணானின் பிழைப்பே மிரட்டல்தான். எதையாவது கண்டு பயந்துவிட்டால், கழுத்தில் மடித்து வைத்திருக்கும் தோலைச் சட்டென்று குடைபோல விரித்து, வாயைப் பிளந்து சீறும். அதற்குமேல் அதனிடம் பெரிய சரக்கு எதுவும் கிடையாது. எதிரி ஓடினால் உயிர் தப்பும். இந்த ஓணானைக் குஞ்சிலேயே பிடித்து நெடுஞ்சாலை மதுக்கடை ஒன்றில் வளர்த்தார்கள். வருகிறவன் போகிறவனெல்லாம் குச்சியால் சீண்டுவான். அது குடையை விரிக்கும். சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், இன்னொரு பீர் கேட்பார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அது விரிப்பதையே விட்டுவிட்டது.

வனவிலங்குத் துறை ஷேன் அதைக் கைப்பற்றி அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். அடிபட்ட ஆந்தைகளையும், சின்னக் கங்காரு போலிருக்கும் வல்லபிகளையும் தேற்றி அனுப்பிப் பழகியவர் அத்தை என்பதால் ஷேன் இங்கே வந்தார். "மழை இறங்குறதுக்குள்ள ஒழுங்கா விரிச்சான்னா காட்டுல விட்டுரலாம் அத்தை. இப்படியே விட்டா முதல் பருந்துக்கே சாப்பாடு. விரிக்கலைன்னா கண்காட்சிக் கண்ணாடிப் பெட்டிதான். என் கையில எதுவும் இல்ல."

அத்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உடம்புல ஒரு குறையும் இல்ல இவனுக்கு. மனசுதான் விட்டுப்போச்சு. நாம கத்துற கத்தலை எவனும் சட்டை பண்ணலைன்னா நமக்கும் வாயடைச்சுப் போகும்ல?"

அன்றைக்குத் தொடங்கியது ஓட்டம். ஓணானுக்குப் பேர் வைக்கக்கூடாது, வைத்தால் பாசம் வந்துவிடும். வெட்டுக்கிளியைத் துணித்திரைக்குப் பின்னால் நின்றுதான் உள்ளே போடவேண்டும், மனுஷக் கை சோறு போடுவது அதற்குத் தெரியவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வளவுக்குள் காலெடுத்து வைக்கிற எவரும் ஓணான் வாயைத் திறந்தால் ஓடியாக வேண்டும். எரிவாயு உருளை போடுகிறவர் ஓடினார். சர்ச்சுக்கு நன்கொடை கேட்டு வந்த அம்மாள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். எனக்குக் கிடைத்தது ஏச்சுதான்.

"தம்பி, நீ ஓடுற லட்சணத்தைப் பாரு. கடைக்குப் பால் வாங்கப் போறவன் மாதிரி ஓடுற. பயந்து ஓடுப்பா."

நாளாக ஆக ஓணான் கழுத்தில் ஓர் அசைவு தெரிந்தது. மடிப்பு இலேசாக விலகும், உள்ளே செந்நிறம் எட்டிப்பார்க்கும். அத்தை அன்று ஓடிய ஓட்டத்தில் கொல்லைப்புற நாற்காலி உடைந்தது. உடைந்த நாற்காலியின் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கெடுத்தவர் தபால்காரர் நெவில். ஓணான் பாதிக் குடை விரித்த நேரம் பார்த்து உள்ளே வந்தவர், இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "காட்டெருமைக்கே வழி விடாதவன் நான். இந்தப் பூச்சிக்கா ஓடணும்?" என்று சிரித்தபடி படம் வேறு எடுத்தார். குடை மடங்கியது. மறுநாள் விரியவில்லை, அதற்கு மறுநாளும் விரியவில்லை. அத்தை சத்தம் போட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் வீட்டு வாசல் தபால்பெட்டியைப் பெயர்த்துக்கொண்டுபோய் நெடுஞ்சாலை முனையில் நட்டுவிட்டு வந்தார்.

"நெவில், உன் வீரத்தையெல்லாம் ரோட்டோட வெச்சுக்க. இங்க ஒருத்தன் உசுரு பிழைக்கக் கத்துக்கிட்டிருக்கான்."

பிறகு அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். வாய்கூட வேண்டாம், ஓணான் தலையைத் திருப்பினாலே ஓடினார். அடிவானத்தில் கருமேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. புழுக்கம் தாங்காமல் நாய்களே எழுந்து நடக்காத மத்தியானத்தில், கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்பிள்ளை ஓடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டிப் போய்ச் சொல்லியேவிட்டேன்.

"விட்டுருங்க அத்தை. கண்ணாடிப் பெட்டின்னா என்ன? வேளாவேளைக்குத் தீனி, பருந்து பயமில்ல. சுகமா இருப்பான்."

மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து பார்த்தார். "அங்க யாருப்பா ஓடுவாங்க?"

அப்புறம் நானும் தினமும் ஒருமுறை போய் ஓடிவிட்டு வந்தேன், பயந்தே ஓடினேன்.

இடி மட்டும் முழங்கி மழை ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு வாரக் கடைசியில், ஷேன் தொப்பியை ஆட்டியபடி கூண்டை நெருங்கினார். ஓணான் அவரைப் பார்த்தது. அடுத்த கணம் சிவப்புக் குடை முழுசாக விரிந்தது. சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். துறைக்காரரே இரண்டடி துள்ளிப் பின்னால் போனார், நடிப்பில்லை. "நாளைக்கே விட்டுருங்க அத்தை" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஓடைக்கரைத் தைலமரக் காட்டுக்கு என் வண்டியில் போனோம். பெட்டியைத் தரையில் வைத்து அத்தை மூடியைத் திறந்தார். ஓணான் மெல்ல வெளியே வந்து மண்ணில் அசையாமல் நின்றது. கிட்டத்தில் மரம் இருந்தும் ஏறவில்லை. அத்தை குனிந்து ஒரே ஓர் அடி அதை நோக்கி எடுத்துவைத்தார். குடை விரிந்தது. மஞ்சள் வாயைப் பிளந்து சீறிக்கொண்டு, பின்னங்கால்களில் எழுந்து அவரை நோக்கியே வந்தது.

"ஐயையோ, கடிக்க வருது" என்று அத்தை திரும்பி ஓடினார்.

ஓணான் நின்றது. குடையை மடித்துக்கொண்டு மரத்தில் தாவி விறுவிறுவென்று ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அத்தை, ஏறிட்டான், வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

"நீயும் ஓடு தம்பி, மேலேருந்து பார்ப்பான்" என்று குரல் மட்டும் வந்தது. வண்டிக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தேன். அத்தை அதில் ஏறவில்லை. வண்டியையும் தாண்டி, காலை இழுத்து இழுத்து, செம்மண் பாதையில் திரும்பிப் பாராமல் ஓடிக்கொண்டிருந்தார்.