காய்ச்சல் இல்லாத லீவு

நான் ஆஸ்பத்திரியில் வாட்டுப் பொறுப்புத் தாதியாக இருந்த காலம். மற்றத் தாதியரின் லீவு விண்ணப்பப் போம்கள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல், வயிற்றோட்டம், இடுப்பை வளைக்க விடாத நாரிப்பிடிப்பு, இவற்றில் ஒன்றுதான் இருக்கும். எங்களுக்கு வேறு நோய் வருத்தமே வராது என்பது போல.

மாங்கேணி ஊர்ப் பிள்ளை ஒருத்தி எங்களுடன் வேலை செய்தாள். கெட்டிக்காரி. நரம்பு அகப்படாத கிழவர்களுக்குக்கூட முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிடுவாள். டெங்கு பரவிய ஒரு மாரி மழைக்காலத்தில் கட்டில் போதாமல் நோயாளர் தரையிலும் படுத்திருந்தார்கள். தாதியரிலும் இரண்டு பேர் டெங்குவில் விழுந்துவிட, அவர்களுடைய வேலையையும் இவளே சேர்த்துச் செய்தாள்.

ஒரு காலை, ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அதைத் தட்டில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"சிஸ்டர், கை நடுங்குது. அளவ மூண்டு தரம் பாத்திட்டன், நம்பிக்கை வரல்ல. இனி நான் மருந்து குடுக்கப்படாது."

மருந்து வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே வாவிப் பக்கத்து மர வாங்கில் அவளை இருத்தினேன். இரண்டு கிழமையாக நித்திரை இல்லையாம். சோறு இறங்குவதில்லையாம். குளிக்கப் போனால் அழுகை வருகிறதாம்.

"காச்சல் எண்டு எழுது புள்ள. நான் கையெழுத்து வைக்கிறன்," என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"எனக்குக் காச்சல் இல்ல சிஸ்டர். மனசுதான் ஏலாமக் கிடக்கு. அதையே எழுதிறன்."

"ஆக்கள் ஒருமாதிரிக் கதைப்பாங்க."

"கதைக்கட்டும். நோயாளர் வந்து இப்பிடிச் சொன்னா நாம சிரிக்கிறமா?"

போமை எடுத்து நீட்டினேன்; சொன்னபடியே எழுதினாள். கணவர் இறந்த வருடம் நானும் இப்படித்தான் கிடந்தேன். போமில் நாரிப்பிடிப்பு என்று எழுதியிருந்தேன்.

மனநல வைத்தியரிடம் நானே அவளைக் கூட்டிப் போனேன். மூன்று கிழமை லீவு கிடைத்தது. அவளுடைய வேலை முறைகளில் பாதியை நான் செய்தேன். முழங்கால் வீங்கிவிட்டது, ஆனாலும் அவள்மேல் கோபம் வரவில்லை. ஒருநாள் பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தபோது, "இண்டைக்கு ரெண்டாந்தரமும் சோறு போட்டுத் திண்டன் சிஸ்டர்," என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தாள். சிலர் கதைக்கத்தான் செய்தார்கள். முதல் கிழமை, ஊசியில் மருந்து இழுக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருத்தியை நிற்க வைத்து அளவைச் சரிபார்க்கச் சொன்னாள். அதில் அவளுக்கு வெட்கமே இல்லை. பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

அந்த மாதமே, என்னோடு இருபது வருடம் வேலை செய்த ஒருத்தி என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கும் கொஞ்ச நாளா ஏலாமக் கிடக்கு," என்றாள்.