வலைப்பின்னல் கற்பிக்க வந்தவர்

சமூகத் தொழில்முனைவு கற்பிக்க அவர் குருநகருக்கு வந்திருந்தார். கசங்காத சட்டை, கையில் வெற்றியாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் தடித்த புத்தகம். எதைக் கேட்டாலும் அதைப் புரட்டித்தான் பதில் சொன்னார். எதிரே மீன் விற்கும் பெண்கள்.

"முதல்ல நீங்கள் வலைப்பின்னல் செய்யவேணும்," என்றார்.

"சின்னனிலையிருந்து அதைத்தானே தம்பி பின்னுறம்!" என்றார் ஓர் அம்மா. மண்டபமே சிரித்தது.

"இது மனிசத் தொடர்பு அம்மா," என்று அவர் சிரிக்காமல் திருத்தினார்.

"தொடர்பு கிடக்கு, ஐஸ்தான் இல்லை. மத்தியானத்துக்குள்ளை மீன் பழுதாப்போகுது. பெரிய ஐஸ் பெட்டி ஒண்டு எடுக்க வழி சொல்லுங்கோ. ஆறு பேர் சேர்ந்து நடத்துவம், மற்ற ஆக்களும் பாவிக்கலாம்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். "பொருள் கேக்கக் கூடாது அம்மா. சமூகத்துக்குப் பயன்படுற யோசனை ஒண்டு சொல்லுங்கோ."

"அதைத்தானே இப்ப சொன்னனான்! நான் வாறன், மீன் வெயிலுக்கை கிடக்கு." அந்த அம்மா எழுந்து போக, ஐந்து பெண்கள் பின்னால் போனார்கள்.

"எங்கடை சனத்துக்கு யோசனையே வராது அண்ணை," என்று பயிற்சியாளர், கூட்டத்தைப் பார்க்க வந்து கடைசி வரிசையில் இருந்த என்னிடம் பெருமூச்சு விட்டார். அந்தக் கவலையில் துளியும் நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.