குடலையில் போட்ட யூரியா

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று எங்கடை சனம் சொல்லும். நான் அதை என்னுடைய உடைந்த இங்கிலீசில் அந்த வெள்ளைக்காரக் கிழவருக்குச் சொல்லிக் காட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அதனால்தான் நான் உழ முதலே கணக்குப் பார்க்கிறேன்" என்றார். அவருடைய குசினி மேசையைச் சுற்றி மூன்று பேரும் சிரித்தோம். ஏப்ரல் மாதம், விதைப்புக்கு முதல் கிழமை. மூன்றாவது ஆள் என் சிநேகிதன்.

அவனும் நானும் மன்னாரில் ஒரே வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைத்த வீட்டுப் பிள்ளைகள். நான் அவுஸ்திரேலியாவுக்கு முந்தி வந்து குடியுரிமையும் எடுத்து, மெல்பேர்ன் புறநகரான டார்னெய்டில் ஒரு வீடும் வாங்கி, வேர்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறேன். அவன் பிந்தி வந்தவன். தற்காலிக விசா. மனைவியும் மகளும் ஊரில். மகளை அவன் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு நடக்கத் தெரியாது. அந்த ஏப்ரலில் ஃபோனில் அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். மெல்பேர்னுக்கு மேற்கே இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்த அந்தக் கிழவரின் பண்ணையில் மூன்று வருஷமாக வேலை. ஆடு, வேலி, டிராக்டர், எல்லாம் அவன்தான்.

பக்கத்துக் காணிகளை வளைத்துப் போட்டிருந்த ஒரு பெரிய கொம்பனி கிழவரின் நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டு ஓய்ந்து இருக்கலாம் என்று அவருக்கும் ஒரு மனம். ஆனால் விதைக் கடைக்காரன் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரம் அவரை விடவில்லை. குளிர்காலப் பார்லியில் புதிதாக ஒரு இனம். வெள்ளென விதைக்கவேண்டும். நல்ல குளிரை அனுபவித்த பிறகுதான் கதிர் விடும். விளைச்சல் கூட, செலவும் கூட. சரி, பார்த்துவிடுவோம் என்று பக்கம் பக்கமாக இரண்டு துண்டு நிலம் ஒதுக்கினார். ஒரே மண், ஒரே அளவு. ஒன்றில் வழமையான பழைய இனம், மற்றதில் புதியது. விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும் பொறுப்பு என் சிநேகிதனுடையது.

"புதியது மோல்ட் தரத்துக்குத் தேறினால் நிலத்தை ஒருத்தருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று அவனிடம் சொன்னார். "முழுக்க அதையே விதைப்போம். உனக்கு நிரந்தர வேலை. உன் விசாவுக்கு ஸ்பொன்சர் பேப்பரில் கையெழுத்துப் போடுவேன், குடும்பத்தைக் கூப்பிடலாம்."

மோல்ட் என்றால் பியர் காய்ச்சுகிறவர்கள் வாங்கும் பார்லி. மணி பருத்திருக்கவேண்டும், புரதம் பன்னிரண்டு வீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மாட்டுத் தீன் விலைதான். இதெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. அந்தத் துண்டுப் பிரசுரத்தை அகராதி வைத்து மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரம் வாசித்தவனுக்குத் தெரியாதது உலகத்தில் என்ன இருக்கிறது?

ஓகஸ்ட், இங்கே குளிர்காலம். கிழவர் கரவன் வண்டியைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு வெயில் தேடி வடக்கே போனார். போக முன் ஒரு தாள் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். எந்த மருந்து எப்போது, எவ்வளவு. கடைசி வரி: யூரியா இத்தோடு சரி, இனி ஒரு மணியும் வேண்டாம். அதன் கீழே இரண்டு கோடு.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றுகிறேன், ஃபோன்.

"மச்சான், புதுசு கொஞ்சம் வெளிறுது. பழசு பச்சையா நிக்குது."

"எந்தப் பருவம்?"

"குடலை. ஒரு கிழமையில கதிர் தள்ளும்."

குடலை என்றால் கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளே பொதிந்து கிடக்கும் பருவம். எங்கள் ஊரில் நெல்லுக்குக் கடைசிப் பசளை அப்போதுதான்.

"கொட்டிலுக்குள்ள யூரியா கிடக்கோ?"

"போன வருசத்து மிச்சம் கிடக்கு. ஒரு துண்டுக்குத்தான் காணும். ஆனா மனுசன் ரெண்டு கோடு இழுத்தெல்லோ எழுதி வைச்சிட்டுப் போனவர்."

"அவர் கோடு இழுப்பார். வெளிறுற பயிரை அவரோ பாக்கிறார்? எங்கட அப்பு என்ன சொல்லுவார் தெரியுமோ? குடலையில குடுத்தது கொம்பறை வரைக்கும் வருமாம். நெல்லுக் கொம்பறை நிறைஞ்சு வழிஞ்ச வீடடா எங்கட வீடு. பயப்பிடாமப் போடு."

"போடட்டோ?"

"போடு மச்சான். நான் சொல்லுறன்."

என் மனைவி மீன் வெட்டிக்கொண்டு நின்றவள், கத்தியை நிறுத்தினாள். "நீங்கள் எப்பவாவது பார்லி விதைச்சனீங்களோ?"

"புல்லுச் சாதி எல்லாம் ஒண்டுதானப்பா."

"ஓம். அப்ப நாளைக்கு நீங்கள் பிளேனும் ஓட்டலாம். ஃபோர்க்லிஃப்டும் வாகனந்தானே."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவன் போட்டான். புதிய துண்டுக்கு மட்டும். பத்து நாளில் பயிர் கறுத்துப் பச்சையாகி நின்றதைப் படம் எடுத்து அனுப்பினான். நான் அதை வேலையில் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் காட்டினேன். ஒக்டோபர் முழுக்க மழை இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் வெட்டு. லீவு போட்டுக்கொண்டு போனேன். கிழவர் நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டார். கூலிக்கு வந்த அறுவடை மெசினின் திரையில் விளைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. பழையது ஹெக்டேருக்கு ஐந்தரை டொன். புதிய துண்டுக்குள் மெசின் இறங்கியதும் எண் ஏறத் தொடங்கியது. ஐந்தேமுக்கால், ஆறு, ஆறேகால். சிநேகிதன் என் தொடையில் அடித்தான்.

"மச்சான், உன்ர வாயை விதைச்சிருந்தா பத்து வந்திருக்கும்!"

"எருப் போட்டது என்ர வாய்தானேடா!"

மெசினால் இறங்கி மனைவிக்கு ஃபோன் எடுத்தான். தூசியில் நின்று கத்தினான்: "பிள்ளையின்ர பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வை!"

புதிய பார்லியின் முதல் லோட்டை அவன் லொறியில் சைலோவுக்கு, தானியத்தைத் தரம் பார்த்து வாங்கும் இடத்துக்கு, கொண்டுபோனான். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். அங்கே ஒரு பெண் மேடையில் நின்று, நீளக் குழாய் ஒன்றை மணிக் குவியலுக்குள் இறக்கி மாதிரி எடுத்தாள். ஒரு கிண்ணத்தில் கொட்டி மெசினுக்குள் விட்டாள். இரண்டு மணியை உள்ளங்கையில் உருட்டியும் பார்த்தாள். பிறகு சின்ன ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினாள். புரதம் பதின்மூன்றுக்கு மேல். மணி மெலிவு. தீன்.

"திரும்ப ஒருக்கால் பாக்கச் சொல்லிக் கேள் மச்சான். உனக்குத்தானே இங்கிலீஸ் வரும்."

கேட்டேன். அவள் முகம் கோணாமல் திரும்பப் பார்த்தாள். அதே எண். பழைய துண்டின் லோட்டுகள் காலையில் இதே ஜன்னலில் மோல்ட் என்று தேறியிருந்தன.

அப்பு சொன்னது பொய் இல்லை. குடலையில் குடுத்தது கொம்பறை வரைக்கும் வந்துவிட்டது. நெல்லில் அது மணியாய் வரும். பார்லியில், அதுவும் மழை இல்லாத வருஷத்தில், புரதமாய் வந்திருக்கிறது. வழி முழுக்க நான் பெய்யாத மழையைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் கிழவர் குசினி மேசையில் தாளை விரித்தார். இரண்டு பக்கம், பழையது, புதியது. புதியதின் விதை விலை கூட. பூஞ்சண மருந்து ஒரு தடவை கூட. விளைச்சலும் கூட. ஆனால் தீன் விலை டொன்னுக்கு நாற்பது டொலர் குறைவு. எல்லாம் கூட்டிக் கழித்தால் புதியதில் மிஞ்சுவது பழையதைவிடக் குறைய.

பென்சிலை வைத்துவிட்டு அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "புதிய துண்டுக்கு, சுவரில் ஒட்டிய தாளில் இல்லாதது வேறு ஏதாவது போனதா?"

சிநேகிதன் என்னைப் பார்த்தான். கண்ணால் கேட்டான். எனக்கு விசாப் பிரச்சினை இல்லை, என் வேலை அவர் கையில் இல்லை, அந்த மேசையில் இழக்க ஒன்றும் இல்லை. நான்தான் யூரியா போடச் சொன்னேன் என்று ஒரு வசனம் போதும். கோவில் வாசலில், வேலையில், பஸ் ஹோல்ட்டில், சவ வீட்டில்கூட வாய் மூடாத நான், கோப்பையின் அடியில் தேயிலைத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்றும் இல்லை" என்றான் அவன்.

"சரி" என்று கிழவர் தாளை மடித்தார்.

ஜனவரியில் நிலம் கொம்பனிக்குக் குத்தகைக்குப் போனது. ஆடுகளை விற்றார்கள். சிநேகிதன் பையைக் கட்டிக்கொண்டு டார்னெய்டில் எங்கள் கராஜில் ஆறு கிழமை இருந்தான். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. என் மனைவி போடும் சோற்றைச் சாப்பிட்டு, "போட்டு வாறன் அக்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு வேலை தேடப் போவான். ஏசியிருந்தால் நானும் ஏதாவது ஒரு பழமொழி சொல்லித் தப்பியிருப்பேன்.

அவன் லொறி ஓட வேலை எடுத்துப் போன பிறகு, பெப்ரவரி கடைசியில், நான் கிழவருக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். யூரியா, என் வாய், எல்லாம்.

"எனக்குத் தெரியும்" என்றார். "கொட்டிலில் யூரியாக் குவியல் இல்லை என்று வந்த அன்றைக்கே கண்டேன். அதனால்தான் கேட்டேன். யூரியா போட்டது என்று அவன் சொல்லியிருந்தால் இன்னொரு வருஷம் பார்த்திருப்பேன். பிழை விடுகிறவனோடு விதைக்கலாம். ஒளிக்கிறவனிடம் பண்ணையை விட்டுவிட்டு எப்படி வடக்கே போவது?"

"ஒளித்தது நான்" என்றேன்.

"அதையும் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார். குத்தகைக்குக் கையெழுத்து வைத்தாயிற்று என்றும் சொன்னார்.

போன டிசம்பரில் அந்தப் பக்கம் கார் ஓடிப் போனேன். வேலியில் கொம்பனியின் பலகை. கிழவர் விதைத்துப் பார்த்த அதே புதிய பார்லி, இரண்டு துண்டிலும், அதற்கு அங்காலும், பாதி வெட்டியபடி நின்றது. வீதியோரத்தில் காரை நிறுத்தி ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தேன். மணி குண்டு குண்டாக இருந்தது. சிநேகிதனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"மச்சான், அவங்களும் புதுசைத்தான் விதைச்சிருக்கிறாங்கள். மணியைப் பாக்க…"

"தெரியும். நான்தான் ஏத்திக்கொண்டு போறன்."

"என்ன?"

"இந்த வருச வெட்டுக்கு லொறி அவங்களுக்குத்தான் ஓடுறன். அதே சைலோ, அதே ஜன்னல். ஒரு லோட்டும் திரும்பேல்லை. எல்லாம் மோல்ட்."

"மகள் எப்பிடி?"

"இருக்கிறாள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில நிக்கிறாள்." பின்னால் யாரோ ஹோன் அடித்தார்கள். "வரிசை நகருது மச்சான், வைக்கிறன்."

கிழவர் ஃபோனில் சொன்னதை அவனுக்குச் சொல்லத்தான் அன்றைக்கு எடுத்தேன். இன்னும் சொல்லவில்லை.