விதைப்புக்கு முன்னால் சொல்லாத சேதி

நீங்கள் என்னிடம் பொய் சொன்னீர்கள், மேனேஜர் சார். தெரிந்தே சொன்னீர்கள்.

கோவில்பட்டி பக்கத்தில் உங்கள் நூல் மில்லில் பதினோரு வருடம் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே நடந்தவள் நான். கணவருக்கு முதுகெலும்பு ஒடிந்த பிறகு வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

ஆவணி கடைசியில் கொழுந்தன் வந்தார்.

"மதினி, நீங்க மில்லுக்குப் போறீக. உங்க கரிசல் நிலம் சும்மாதான கெடக்கு? இந்த வெள்ளாமைக்கு நான் உளுந்து போடட்டுமா?"

மில்லுக்கு வரும் பஞ்சு லாரிகள் குறைந்திருந்த நேரம் அது. பயந்துபோய் உங்களிடம் வந்தேன்.

"சார், மில்லை மூடப் போறாவன்னு பேசுதாங்க. அப்படின்னா இப்பமே சொல்லிருங்க. நிலத்தையாவது நானே விதைச்சுக்கிடுதேன்."

நீங்கள் சிரித்தீர்கள். "எவன் சொன்னான்? நிலத்தைத் தாராளமாக் குடும்மா. ஒன்னைய மிஷினை விட்டு யாரு பிரிக்கப் போறா?"

கொடுத்துவிட்டேன்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் மிஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். தெரியாத ஆட்கள் இரண்டு பேர் ஒவ்வொரு மிஷினிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே போனார்கள்.

"ஏட்டி, மிஷினுக்கும் டோக்கன் குடுக்காவ. ரேஷன் கடைக்குப் போவுதோ?" என்றாள் பக்கத்து மிஷின்காரி. எல்லாரும் சிரித்தோம்.

சந்தனம் வைக்க இடம் வேண்டும் என்று என் மிஷினில் இருந்த எண்ணைத் துடைத்தேன். "அதை அழிக்காத!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினீர்கள். ஓடி வந்து நீங்களே திரும்ப எழுதினீர்கள். எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த எண்ணுக்குக் கீழே குங்குமம் வைத்தேன். அந்த இரண்டு பேருக்கும் பொரிகடலை கொடுத்தேன். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

லீவு முடிந்த காலை மில் வேன் வரவில்லை. பஸ் பிடித்துப் போனோம். கேட்டில் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒரு தாள்: மில் மூடப்பட்டது. கேட் இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் மிஷின் லாரியில் நின்றது, குங்குமத்தோடு.

"எனக்கும் இன்னைக்குத்தாம்மா தெரியும்" என்றார் வாட்ச்மேன்.

தொழிலாளர் ஆபீசில் கேட்டேன். மாதக் கணக்கில் முன்னாலேயே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டுமாம். நீங்களோ, எங்கள் எல்லாரிடமும் ஆவணியிலேயே வாயால் சொல்லிவிட்டதாக அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மழை விழுந்துவிட்டது. என் நிலத்தில் கொழுந்தனின் உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது. முளைத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா? வானம் இருட்டினால் ஊருக்குச் சந்தோஷம். எனக்கு அது கொழுந்தன் பயிருக்குப் பெய்கிற மழை. அடுத்த விதைப்புக்கு ஒரு வருடம் இருக்கிறது. அதுவரை இரண்டு வயிறு என்ன செய்யும்?

ஆவணியில் சொன்னேன் என்கிறீர்களே, மில் வாசலுக்கு வாருங்கள். அத்தனை பேர் முன்னாலும் நில்லுங்கள். எந்த நாள், எந்த இடத்தில், என்ன வார்த்தை சொன்னீர்கள்? என் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லுங்கள்.