நாட்டுப் பசுவின் ரத்தத்தில் இருந்தது

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக ரத்தம் பார்க்கிறேன். ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம், எப்போதாவது நாய் ரத்தம். நான் வாயால் சொன்ன முடிவுகளில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும்.

பனவடலிசத்திரம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். வாசுதேவநல்லூரில் இருக்கும் அவள் அப்பா, மகளோடு சேர்த்து ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவையும் அனுப்பியிருந்தார். அந்தப் பசுவுக்குத்தான் காய்ச்சல். தீவனம் எடுக்கவில்லை, தோளுக்கு முன்னால் கழலை வீங்கியிருந்தது. கல்லூரி முடித்த பெண் என்பதால் படிவத்தை அவளே எழுதினாள், தன் போன் நம்பரையும் போட்டாள்.

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இப்படிக் கழலை வீங்கினால் தேடுவது தைலேரியாவை, உண்ணி மூலம் பரவுகிற ஒட்டுண்ணி அது. சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம்போலத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று வரிசையில் நிறைய ஸ்லைடுகள் இருந்தன. இன்னும் பத்து நிமிடம் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. "ரத்தத்துல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். என் கண்ணில் படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் மருத்துவருக்குக் கழலையைக் கேட்டதுமே சந்தேகம். மீதி ரத்தத்தை பிசிஆர் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். கிருமி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதன் மரபணுவைப் பெருக்கிக் காட்டிவிடும் சோதனை அது. அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை, வெளியூர்க் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு குழாய்க்காக ஐஸ் பெட்டி கட்டுவானேன், இன்னும் இரண்டு மூன்று சேரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். நான்கு நாள் அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் அனுப்பினேன். பசு அதற்கு முந்தின நாளே செத்துப்போயிருந்தது, எனக்குத் தெரியாது.

முடிவு வந்தபோது தைலேரியா பாசிட்டிவ். படிவத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் எடுத்தாள். வாசுதேவநல்லூரில், அப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அழவெல்லாம் இல்லை, நடந்ததைச் சொன்னாள். நோயே இல்லாத மாடு எதற்குச் சாகும், வந்தவளின் கால் சரியில்லை என்று மாமியார் தெருவில் நின்று பேசியிருக்கிறாள். நோய் இல்லை என்பதற்கு மாமியார் காட்டிய சாட்சி நான்தான். ஆய்வுக்கூடத்துப் பெண்ணே சொல்லிவிட்டாள் என்று. கருமாதி முடிந்த வீட்டிலிருந்து விதவையை அனுப்புவதுபோல் இவளை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டு வீட்டு மாடுகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். மாமியார் வீட்டுத் தொழுவில் ஒரு நாட்டுப் பசு நின்றது. வயதானது, திடமாக இருந்தது, காதுமடலுக்குள் உண்ணி அப்பியிருந்தது. அந்தப் பெண்ணின் கணவன் அதன் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் ரத்தம் எடுத்தேன். அப்படியே பஸ் ஏறி வாசுதேவநல்லூர் போய் அங்கிருந்த இரண்டு மாடுகளிடமும் எடுத்தேன். இந்தத் தடவை அன்றைக்கே பெட்டி கட்டினேன்.

வாசுதேவநல்லூர் மாடுகள் இரண்டும் நெகட்டிவ். நாட்டுப் பசு பாசிட்டிவ். நாட்டு மாடு பலசமயம் அந்தக் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நோகாமல் நிற்கும். அதைக் கடித்த உண்ணி கலப்பின மாட்டைக் கடித்தால் தாங்காது. நோய் பெண்ணோடு வரவில்லை, அந்தத் தொழுவில்தான் இருந்திருக்கிறது.

காகிதத்தை நானே கொண்டுபோனேன். மகன் வாசித்தான், மாமியார் கேட்டாள்.

"எட்டு வருசமா கல்லு கணக்கா நிக்கி. இதுக்கா சீக்குங்கே?"

மறுபடி விளக்கினேன். ஸ்லைடு பார்த்ததில் தவறு என்னுடையது என்றும் சொன்னேன். "சரி தாயி, வச்சிட்டுப் போ" என்றாள். அவனிடம், உன் மனைவியைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். "அம்மை சொல்லட்டும்" என்றான். முப்பது வயது இருக்கும் அவனுக்கு.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாம் தெளிந்துவிட்டது என்றேன். எனக்கே என் குரலில் இருந்த சந்தோஷம் கேட்டது.

"அக்கா, ஒண்ணும் இல்லன்னு நீங்க சொன்னதத் தெருவே கேட்டுச்சு. இந்தப் பேப்பர அந்த வீட்டுக்குள்ள மட்டுந்தான் வாசிச்சிருக்காவ."

அதன்பின் அவள் என் போனை எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து மாமியார் மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நாட்டுப் பசுவைச் சந்தையில் விற்றுவிட்டார்களாம். வாங்கியவரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா என்றதற்கு, கேட்டால்தானே சொல்ல என்றாள். புதிதாக ஒரு கலப்பினப் பசு விலை பேசியிருந்தாள், அதன் ரத்தத்தைக் குழாயில் கொண்டுவந்திருந்தாள்.

"கண்ணாடில பாக்கது வேண்டாம். அந்தப் பெரிய டெஸ்ட எடுத்துரு. தெரியாம ஒண்ண வீட்டுக்குள்ள விட்டுறக் கூடாது பாத்துக்க."

மருமகள் வந்துவிட்டாளா என்று கேட்டேன். ஆடி கழியட்டும் பார்ப்போம் என்றாள்.

குழாயை வாங்கி, பெயர் ஒட்டி, அன்றைக்கே அனுப்பினேன். நெகட்டிவ் வந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஆடி கழிந்து ஐப்பசியும் வந்துவிட்டது. அந்தப் பெண் இன்னும் வாசுதேவநல்லூரில்தான் இருக்கிறாள்.