கோட்டின் இடது கை

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்ததால், தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். வீட்டுக்குள் அவருக்கு இன்னொரு பதவியும் உண்டு. அதற்கு யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார். குடும்பத்தின் தையல்காரர்.

தையல் மெஷினை வாங்கியது அவர் மனைவி. ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி ரத்தம் எடுக்கிறவர், உட்கார்ந்து செய்ய ஒரு பொழுதுபோக்கு இருக்கட்டுமே என்று ஆசையாக வாங்கினார். இரண்டு தலையணை உறை தைத்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் எழுந்த நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் மீட்டர்காரர் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு வருடமாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவர் புதுத் துணி வாங்கமாட்டார். வீட்டில் கிடக்கும் பழையதைப் பிரித்துத்தான் தைப்பார். அதற்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தார்: ஒரு வருடமாக யாரும் போடாத உடுப்பு உடுப்பல்ல, துணி. இந்தச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த சட்டைகளை மாதம் ஒருமுறை அவர் கண்ணெதிரில் போட்டு, கூடத்தில் ஒரு சுற்று நடந்து, பிறகு கழற்றி மடித்து வைத்தார்கள். உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டுமே.

தப்பிக்காதவையும் இருந்தன. பழைய படுக்கை விரிப்பு ஒன்று மனைவிக்குப் பாவாடையாயிற்று. விரிப்பின் நடுவே இருந்த பெரிய ரோஜா, அளவெடுத்து வைத்தாற்போல, சரியாக உட்காரும் இடத்தில் வந்து மலர்ந்தது. "பூவை வெட்டி வீணாக்க மனசு வரல" என்றார் மீட்டர்காரர். ஜன்னல் திரை, கீழ்வீட்டில் குடியிருக்கும் மச்சினனுக்குக் கால்சட்டையாயிற்று. பேக்கரியில் வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அத்தான், இதைப் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் நின்னேன். அக்கா வந்து என்னைப் பிடிச்சு ஓரமா இழுத்து விடுது, வெளிச்சம் வரட்டும்னு."

"துணி எப்படி, கெட்டியா இருக்கா இல்லையா?"

"கெட்டிதான் அத்தான். அதான் பயமா இருக்கு. கிழியவே மாட்டேங்குது."

மீட்டர்காரர் இதைப் பாராட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். மனைவியோ எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குங்க" என்பார். போட்டுக்கொண்டு வேலைக்கும் போவார். அதற்கு மேல் ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

இப்படி இருக்கையில்தான் மகளுக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்தரை மணி, கோட்டு அணிந்து வரவும். ஏற்கெனவே மூன்று இடங்களில் அவளைப் பார்த்துவிட்டு, பிறகு சொல்கிறோம் என்று அனுப்பியிருந்தார்கள். மூன்று இடத்திலும் அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. இந்த முறை கோட்டுக்காக நாலு கடை ஏறி இறங்கினாள். எந்தக் கோட்டைப் போட்டாலும் கை, மணிக்கட்டுக்கு மூன்று விரல் முன்னால் நின்றுவிட்டது. அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து அந்த நீளமான கைகள்தான். நாலாவது கடைக்காரர், "ஆம்பளைங்க பக்கம் பாருங்களேன்" என்று பணிவாகச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அவள் மெஷின் பக்கம் வந்து நின்றாள்.

"அப்பா, உங்க கல்யாணக் கோட்டை எனக்கு மாத்தித் தர முடியுமா?"

மீட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவரிடம் ஒன்றைத் தைத்துத் தரும்படி கேட்டதில்லை. கேட்டதெல்லாம் தைக்காமல் விட்டுவிடும்படிதான்.

"முடியுமாவா?" என்றார். "முடியுமான்னா கேக்குறே?"

கோட்டு கருநீலம். வெளிப்பக்கம் வெளுத்து, முழங்கையில் பளபளப்பு ஏறியிருந்தது. ஆனால் லைனிங்கைப் பிரித்து உள்ளே பார்த்தால், வெயிலே படாத நிறம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஆகவே கோட்டை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டு, மறுபடி தைத்துவிடுவது என்று முடிவு செய்தார். அப்போதுதான் அவருக்கு அந்த ஞானம் பிறந்தது. திருப்பிப் போட்டால் இடது முன்பக்கம் வலதாகிவிடும். ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் இருந்த பட்டன் ஓட்டைகள் வலப்பக்கம் போய்விடும். அதாவது, தானாகவே பெண்கள் கோட்டு!

"பாத்தியா? பாத்தியா?" என்று மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். "இந்தக் கோட்டு முப்பது வருஷமா இவளுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

"நல்லா இருக்குங்க" என்றார் மனைவி, கையில் கரண்டியோடு.

மீட்டர்காரருக்கு வேலையில் ஒரு முறை உண்டு. பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்திவிடுவார். முதுகு. காலர். இடது கை. வலது கை. மீட்டர் வேலை தந்த பழக்கம். முள் என்ன காட்டுகிறதோ அதை எழுது, எழுதியதை நம்பு. பக்கத்திலேயே குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் அது அவருடைய துறை அல்ல. இருபத்தாறு வருடம் அப்படித்தான் நல்ல பெயர் எடுத்தார்.

சனியும் ஞாயிறும் அறைக்கதவு சாத்தியிருந்தது. இடையில் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று மகள் கேட்டதற்கு, "அளவுதான் எழுதியாச்சே, அப்புறம் பாக்க என்ன இருக்கு?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஞாயிறு மாலை கோட்டு இஸ்திரி போட்டு, சுவரில் தொங்கியது. தொங்கும்போது அழகாகத்தான் இருந்தது. கோட்டுகள் தொங்கும்போது பொய் சொல்லும்.

திங்கள் காலை ஏழு மணிக்கு மகள் அதைப் போட்டாள். தோள் சரி. இடுப்பு சரி. நீளமும் மணிக்கட்டு வரை வந்து கச்சிதமாக நின்றது. கைகள் மட்டும் பின்னால் போயின. நீச்சல் குளத்தில் குதிக்கப் போகிறவள் மாதிரி இரண்டு முழங்கையும் முதுகுப் பக்கம் மடங்கி நின்றன. முன்னால் கொண்டுவந்தால் துணி முறுக்கிக்கொண்டு அக்குளைப் பிடித்து இழுத்தது.

"அப்பா, கை பின்னாடி போகுதுப்பா."

"நீ நேரா நில்லும்மா. கூன் போடாதே."

"நேராத்தான்ப்பா நிக்கிறேன்."

"கையைக் கொஞ்சம் பழக்கணும். புதுசு இல்லையா."

"முப்பது வருஷப் பழசுப்பா இது!"

அந்த நேரம் பார்த்து மச்சினன் ரொட்டி கொடுக்க மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். "யாரு மருமகளே உன்னைக் கைது பண்ணினது?" என்றார். மனைவி முறைத்த முறைப்பில் ரொட்டியை மட்டும் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மகள் கண்ணாடி முன் நின்று பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மீட்டர்காரர் சமாதானம் சொல்லியே தப்பித்திருப்பார். அவள் கோட்டைக் கழற்றி மேசைமேல் விரித்து, "நான் சட்டையோடயே போறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "கோட்டு போட்டு வரலைன்னா உள்ளேயே விடமாட்டாங்க. பரவால்ல."

"ஏன், இதுக்கு என்ன குறை? அம்மாகிட்ட கேளு. நல்லா இருக்கா இல்லையான்னு அவளே சொல்லட்டும்."

அம்மா சொன்னார்.

"நல்லா இல்லைங்க."

மெஷின் மூடி கீழே விழுந்த மாதிரி இருந்தது மீட்டர்காரருக்கு.

"இதுவும் நல்லா இல்லை. ரோஜாப்பூ பாவாடையும் நல்லா இல்லை. பன்னிரண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான் செய்யுற முதல் வேலை உடுப்பு மாத்துறதுதான். அங்கே அலமாரியில என் துணி தனியா இருக்கு. போதுமா? நான் என் மானத்தை அப்படிக் காப்பாத்திக்கிட்டேன். அவ எங்கே போய் மாத்துவா? அந்த ஆபீஸ் வாசல்லயா?"

சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆறுதலாக எதுவும் எழுதியிருக்கவில்லை எங்கேயும். கடைசியில் மேசைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தார்.

மகள்தான் கோட்டின் ஒரு கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்தக் கை அந்தத் தோளுக்கு உள்ளதுப்பா. முழங்கை எந்தப் பக்கம் மடங்குது பாருங்க."

"அது எப்படி? இடதுன்னு சீட்டு இருக்கே!" குப்பைக் கூடையைக் கிளறி, சீட்டை எடுத்துக் காட்டினார். குண்டூசி இன்னும் அதிலேயே இருந்தது.

"எப்ப எழுதினீங்க?"

"பிரிக்கிறதுக்கு முன்னாடி."

"அப்புறம் துணியைத் திருப்பினீங்களா?"

"திருப்பினேன்."

"சீட்டை?"

பட்டன் பக்கம் மாறியதற்கு வீட்டையே கூப்பிட்டு விழா எடுத்த மனிதர், அதே நியாயம் கைகளுக்கும் உண்டு என்பதை யோசிக்கவில்லை. இடது முன்பக்கம் வலதாகும்போது இடது கை மட்டும் இடதாகவே இருக்கும் என்று நம்பியிருந்தார். சீட்டில் அப்படித்தானே எழுதியிருந்தது. அவர் கையெழுத்திலேயே.

ஒன்பது மணிக்குப் பஸ். இரண்டு கையையும் பிரித்து, மாற்றி, மெஷினில் ஓட்டி, லைனிங்கை மூட அவருக்கு ஒரு நாள் வேண்டும். அவருடைய ஒரு நாள் என்றால் ஊருக்கு ஒன்றரை.

"மெஷின் வேண்டாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அந்த வீட்டில் முதல் முறையாக வந்தது. "கையால பெரிய தையலா ஓட்டிடலாம். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும். கையை மட்டும் மேல தூக்கக் கூடாது."

பிரித்தார். தையலைப் பிரிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை, அவ்வளவு அனுபவம். ஆனால் ஊசியில் நூலைக் கோக்கவே நாலு தடவை ஆனது. மனைவி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, "கொடுங்க இப்படி" என்று வாங்கிக்கொண்டார். நாளைக்கு நாற்பது பேர் கையில் ஊசி ஏற்றுகிறவர். ஒரே குத்தில் நரம்பு தேடிப் பழகியவர். ஊசி பிடிப்பதற்கென்று அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான் என்பது மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் துணியைப் பிடித்துக் கொடுத்தார், மனைவி தைத்தார்.

"இங்கே கொஞ்சம் சுருக்கி விடு. தோள் உருண்டு வரணும்."

"இப்படியா?"

"அப்படித்தான். நல்லா இருக்கு" என்றார். அந்தச் சொல்லின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை காலையிலேயே போய்விட்டதால், மறுபடியும் சொன்னார். "நெசமாவே."

எட்டே முக்காலுக்கு மகள் கோட்டைப் போட்டாள். கைகள் மனிதக் கைகள் போல முன்னால் வந்தன.

தையலுக்குக் காவலாக மீட்டர்காரரும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேலே இருந்த கம்பியைப் பிடிக்க மகள் கையைத் தூக்கப் போனாள். "தூக்காதே!" என்று மீட்டர்காரர் போட்ட சத்தத்தில் முன்னால் நின்ற இரண்டு பேர் தாங்களும் கையை இறக்கிக்கொண்டார்கள். "என்னைப் பிடிச்சுக்கோ" என்றார். அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நிற்க, மகள் அவர் தோளைப் பற்றிக்கொண்டாள். மூன்றாவது திருப்பத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. சர்ரென்று ஒரு சத்தம். கோட்டு அல்ல. அவரே தைத்து, அவரே மெச்சிப் போட்டிருந்த சட்டை, தோளில் ஒரு சாண் வாய் பிளந்தது. அதற்கு முந்தைய பிறவியில் அது மேசை விரிப்பு.

"ஐயோ அப்பா!"

"அது கிடக்கட்டும். உன் கையைப் பாரு. நூல் இருக்கா?"

"இருக்குப்பா."

காப்பீட்டு அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில், கிழிந்த தோளைச் சுவரோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார் மீட்டர்காரர். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தோளைப் பார்த்துவிட்டே போனார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒருவன், உயரத்தில் இருக்கும் கோப்பை எடுக்கச் சொல்கிறான். அவள் எட்டுகிறாள். ஒரு கை மேசைமேல் விழுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

மகள் வெளியே வந்தாள். இரண்டு கையும் இருந்தன.

"ஒண்ணாந்தேதியிலருந்து வரச் சொல்லிட்டாங்கப்பா."

மீட்டர்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "நான் சொல்லலை?" என்றார். சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் பொறுத்து, யாரோ ஒருவரைப் பற்றி விசாரிப்பது போல, "கோட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலைப்பா."

"ஒண்ணுமேவா? எங்கே வாங்கினதுன்னாவது கேட்டிருப்பாங்களே."

"இல்லைப்பா. யாரும் கோட்டைப் பாக்கவே இல்லை. என்னையத்தான் பாத்தாங்க."

பன்னிரண்டு வருட உழைப்பில், அவர் தைத்த ஓர் உடுப்பு ஊருக்குள் போய், யார் கண்ணையும் உறுத்தாமல் திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. எவ்வளவு பெரிய காரியம் அது என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. மீட்டர்காரருக்குத்தான் தாங்க முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை, கிழிந்த தோளைக் கையால் மூடியபடி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.